உப்பு மூட்டை, ஊசி நூல், பறிக்கூடை: தெரியுமா உங்களுக்கு?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் ஏறி, "பழையகாட் லுங்கி இருக்காண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். அடுக்கிலிருந்து கட்டம் போட்ட நாலைந்தை உருவி எதிரே விரித்துப் போடுவார்கள். அந்தப் பழையகாட் எந்த நாட்டில் இருக்கிறது தெரியுமா? எண்ணூர் தாண்டி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் வந்துவிடும், நம்ம பழவேற்காடுதான்! அதே பெயரில்தான் மலேசியாவில் 'காயின் பெலிக்காட்' விற்கிறது, இந்தோனேசியாவில் 'சாருங் பலேக்காட்' விற்கிறது. கோலாலம்பூரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கைலி கட்டிப் போகிறவர், திருவள்ளூர் மாவட்டத்து ஏரிக்கரை ஊர் ஒன்றின் பெயரை இடுப்பில் சுற்றிக்கொண்டு போகிறார்!

ஏதோ நேற்று வந்த பெயரும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர், பழவேற்காட்டிலிருந்து வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் கப்பலேறியதை எழுதி வைத்திருக்கிறார். டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் அங்கிருந்தே நடத்தினார்கள்.

சரி, சென்னை எதற்காகப் பிறந்தது தெரியுமா? அதுவும் துணிக்காகத்தான்! 1639-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைப் பிடித்துப் போட்டபோது சொன்ன பெரிய காரணம், மற்ற இடங்களைவிட இங்கே துணி நூற்றுக்கு 20 மலிவு என்பது. துறைமுகம் கிடையாது, கப்பல் நுழைகிற ஆறு கிடையாது, அலையோ ஆளைப் புரட்டிப் போடும். (சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்ததுதான் உண்மைக் காரணம் என்று ஒரு வம்பும் உண்டு. நமக்கெதற்கு!) நெய்து வந்த துணியை வெளுக்க ஆள் வேண்டுமே? அவர்களைக் குடியேற்றியதில் வந்ததுதான் வண்ணாரப்பேட்டை. நெய்ய ஆள் வேண்டுமே? 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். இன்று மெட்ரோ ரயில் நின்று போகிற காலடிப்பேட்டை அதுதான். அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலையும் அவர்தான் கட்டினார் என்கிறார்கள். தினமும் காஞ்சிபுரத்துக்கு ஓடி ஓடிப் பெருமாளைச் சேவித்து வந்த தன் ஊழியர் ஒருவருக்காக, பெருமாளையே இங்கே கொண்டுவந்து விட்டாராம்!

இதையும் கேளுங்கள். துறைமுகம் இல்லாத ஊரில் துணிப் பொதி கப்பலுக்கு எப்படிப் போயிற்று? மசூலாப் படகில். அந்தப் படகில் ஓர் ஆணி கிடையாது! பலகைக்குப் பலகை ஓட்டை போட்டு, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகென்றால் கரையில் மோதும் அலையில் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். துணியையும் தைத்தார்கள், துணி ஏற்றும் படகையும் தைத்தார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கும் இந்தக் கரைக்கும் என்ன உறவு? இங்கே 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்து கொழுத்த பணத்தோடு ஊர் திரும்பிய எலைஹூ யேல், 1718-ல் அங்கிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும் அரசர் படம் ஒன்றும் ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். பொதிகளில் துணிகள். விற்றதில் 562 பவுண்டு தேறியது. கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஒன்பது மூட்டைத் துணிக்கு உலகப் புகழ்! இதைவிட மலிவாக யாரும் பெயர் வாங்கியதில்லை.

கரீபியன் கடலில் செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்ட்டினிக், குவாதலூப் தீவுப் பெண்களின் மரபு உடையில் தலைக்கட்டுத் துணிக்குப் பெயரே 'மெட்ராஸ்'. கட்டும்போது மேலே எத்தனை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் சேதி இருக்கிறதாம்: ஒன்று என்றால் மனம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை, மூன்று என்றால் மணமானவள். நான்கு என்றால்... அதை அந்தத் தீவுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

1958-ல் இன்னொரு கூத்து. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை மெட்ராஸ் கட்டத்துணியை இறக்கி விற்க, வாங்கியவர்கள் துவைத்தால் சாயம் ஓடுகிறது! ஒரே புகார். விளம்பரக்காரர்கள் அசரவில்லை, 'சாயம் ஓடும், அதற்கு உத்தரவாதம்' என்று அதையே பெருமையாக மாற்றிவிட்டார்கள். நம் பழைய ஆட்கள் இதைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கடலோர மணலில் விளையும் சாயவேரில் தோய்த்த துணி துவைக்கத் துவைக்கச் சிவப்பேறும் என்று பெயர் வாங்கியது அல்லவா!

ஆனால் என்னை வாய் பிளக்க வைத்தது நைஜீரியா. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி என்று ஒரு சமூகம். மெட்ராஸ் கட்டத்துணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'இஞ்சிரி'. கப்பலில் வந்து இறங்கும் துணியைக் கலபாரிப் பெண்கள் அப்படியே கட்டுவதில்லை. பேனாக்கத்தியையோ பிளேடையோ எடுத்து, நெய்த துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து அறுத்து உருவுகிறார்கள். வெளிர் நிற இழை போய், அடர் நிறக் கட்டம் மட்டும் வலைபோல மிஞ்சும். அதில் புதிய கோலம் பிறக்கும். 'பெலெட்டே பிட்டே' என்று பெயர். அறுத்த துணிக்குத்தான் அங்கே மதிப்பு! யாரோ நெய்த துணியைத் தன் துணியாக்கிக்கொள்ளும் வித்தை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நீலகிரியில் இதன் சகோதரியைப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு கணக்கு. தறியில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஆண். அவருக்கு நூல் கொடுத்தது யார்? பெண்கள். ஒரு தறி ஓடப் பல ராட்டைகள் சுற்ற வேண்டும். இங்கேதான் ஆச்சரியம்: 18-ஆம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளர் அப்பாவி அல்ல! வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய பிறகும் மனம் மாறினால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். கொடுத்த வியாபாரிதான் பின்வாங்க முடியாது. வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். பிடிக்காவிட்டால் ஊரையே காலி செய்துகொண்டு போகவும் அவர்களால் முடிந்தது. கம்பெனி ஆட்சியைப் பிடித்த பிறகு முதல் வேலையாக அடைத்தது இந்த வாசலைத்தான். தறி வாசலில் சேவகனை நிறுத்தி, வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்றது. ராட்டைப் பெண்களுக்கோ அந்த வாசல் என்றுமே திறந்திருக்கவில்லை. சந்தையில் கிடைத்த விலைக்கு நூலைக் கொடுத்துவிட்டு அரிசி வாங்கிப் போக வேண்டியதுதான்.

'இந்த விலைக்கு வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா இல்லையா? கைவேலைப் பெண்களைப் பற்றி எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். அழகு, மரபு, டிசைன் எல்லாம் அப்புறம்.

சரி, அந்த நூலுக்கான பருத்தி கரைக்கு எப்படி வந்தது தெரியுமா? மாட்டின் முதுகில்! உள்நாட்டுத் தக்காணத்திலிருந்து, குறிப்பாகக் கிருஷ்ணா கோதாவரிப் பக்கத்து நெசவூர்களுக்கு, ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் பஞ்சு வந்தது. திரும்பும்போது அதே மாடுகளின் முதுகில் கடற்கரை உப்பு. ஓட்டி வந்தவர்கள் லம்பாடிகள், பஞ்சாரா என்றும் சொல்வார்கள். குடும்பம், குழந்தை, நாய், கோழி எல்லாம் கூடவே நடக்கும். மைசூர்ப் போர்களில் ஆங்கிலேயப் படைக்கு அரிசி சுமந்து போனதும் இவர்கள் மாடுகள்தான். நடந்துகொண்டே வாழ்ந்த அந்தக் கூட்டத்துப் பெண்கள், பாவாடையிலும் ரவிக்கையிலும் தலைத்துணியிலும் கண்ணாடிச் சில்லு, சோழி, காசு எல்லாம் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். வீடு இல்லாதவர்களின் பெட்டகம் உடம்பிலேயே இருந்தது.

அந்தப் பிழைப்புக்கு வெடி வைத்தது எது தெரியுமா? ரயில். நம் ராயபுரத்திலிருந்து 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பிற்று. அந்த ஸ்டேஷன் கட்டடத் தூண்களை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். தண்டவாளம் நீள நீள, பொதிமாடு நின்றது. சுமை போனது, ஊர் ஊராகப் போவது மட்டும் மிஞ்சியது. அதையும் சந்தேகத்தோடு பார்த்த வெள்ளைக்கார அரசு, லம்பாடிகளில் ஒரு பகுதியினரைக் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குள் தள்ளியது.

இன்னொரு விசித்திரம்! லம்பாடிகள் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பழங்குடியினர். கர்நாடக எல்லையைத் தாண்டினால் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டுக்குள் வந்தால் பிற்படுத்தப்பட்டோர். அதே பாட்டி, அதே ஊசி, அதே தையல். மாநில எல்லை மாறினால் சான்றிதழ் மாறிவிடும்.

தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கே குடியேறிய லம்பாடிகள் விவசாயத்துக்கு மாறினார்கள். கண்ணாடி வைத்த பாவாடை கட்டினால் ஊரே வெறிக்கிறது என்று பெண்கள் சேலைக்கு மாறினார்கள். இரண்டு தலைமுறையில் ஊசி மறந்துபோனது; வயதான ஓரிருவர் விரலில் மட்டும் மிச்சமிருந்தது. 1993-லிருந்து அங்கே பழங்குடி மக்களுக்கு மருத்துவம் பார்த்துவரும் டாக்டர் லலிதா ரெஜிக்கு அது கண்ணில் பட்டது. பாட்டிகளை உட்கார வைத்து இளம்பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'போர்கை'. லம்பாடி மொழியில் பெருமை என்று பொருளாம். முக்கியமான விஷயம், அது பெண்களே உறுப்பினராக இருக்கும் சங்கம். வயல் வேலைக்குப் போய்வந்து, சமைத்து முடித்து, திண்ணையில் உட்கார்ந்து தைக்கலாம். கூலிக்குத் திருப்பூர் போக வேண்டிய கட்டாயம் அந்த அளவுக்குக் குறையும்.

வடக்கே கர்நாடகத்தின் சண்டூரில் இதே லம்பாடித் தையலுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 கூட்டம் நடந்தபோது 450-க்கும் மேற்பட்ட லம்பாடிப் பெண்கள் தைத்த 1,755 உருப்படிகளை ஒரே இடத்தில் பரப்பிக் கின்னஸ் சாதனையும் படைத்தார்கள்! உப்பு சுமந்தவர்களின் பேத்திகள்!

சரி, எண்ணூருக்குத் திரும்புவோம். மத்திய அரசு 'மிகவும் நலிவடைந்த பழங்குடிகள்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதில் ஆறு சமூகங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர். இதில் முதல் ஐந்தையும் பார்க்க மலையேற வேண்டும். ஆறாவது? கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறது!

இருளர் பெண் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனை ஓலையில் பின்னிய பறிக்கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வார். இரண்டு கைகளும் தண்ணீருக்குள். குனிந்து, சேற்றை விரலால் துழாவிக்கொண்டே நகர்வார். இறால் விரலில் தட்டுப்பட்ட நொடியில் அமுக்கி, கை மேலே வந்து, பல்லில் தொங்கும் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குள். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. எல்லாம் விரல்!

அந்த விரலுக்கு வந்த சோதனையும் கொஞ்சமல்ல. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கழிமுகத்துத் தண்ணீரிலும் அலையாத்தி வேரிலும் அப்பியது. துழாவுகிற சேறே கறுப்பானால் இறால் எங்கே?

இப்படி ஒரு இடி விழுந்ததும் வழக்கமாக என்ன நடக்கும்? 'மாற்று வாழ்வாதாரம்' என்று தையல் மெஷின் வந்து இறங்கும். தையல் மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இருளர் பெண்களுக்குத் தறி மரபும் இல்லை, ஊசி மரபும் இல்லை. அவர்கள் விரலுக்குத் தெரிந்தது சேறும் இறாலும் மூலிகையும் ஓலையும். மூன்று மாதம் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குழு போட்டோ, பிறகு எம்.சி. ரோட்டு ரெடிமேட் விலையோடு போட்டி போடு என்றால் எப்படி? ஓலை என்றால் கதை வேறு. பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னி விற்பது நெடுநாள் தொழில். பனை அங்கேயே நிற்கிறது, கை அங்கேயே இருக்கிறது, பக்கத்திலேயே சென்னை என்ற மாபெரும் சந்தையும் இருக்கிறது.

பாம்பு விஷயத்தில் இருளர்கள் சாதித்தது தெரியும்தானே? 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோக, 1978-ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் உதவியோடு மாமல்லபுரம் சாலையில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, உயிரோடு திரும்ப விட்டுவிடுவார்கள். இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் பெரிய ஆதாரம். கையில் இருந்த அதே வித்தைதான். அதற்கு ஒரு சங்கமும் ஒரு விலையும் கிடைத்தது, அவ்வளவே.

இப்போது பட்டியலின் உச்சியில் இருக்கும் தோடர்களிடம் போவோம். மொத்தமே சுமார் 2,000 பேர். எருமை வளர்ப்பவர்கள். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியை ஊட்டி போன யாரும் மறக்க முடியாது: வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக எரிகிற பூவேலை. ஆனால் இது தெரியுமா? தோடர்கள் நெய்வதே இல்லை! தறியே கிடையாது. துணி வெளியாரிடமிருந்து வாங்கியது, ஊசிதான் அவர்களுடையது. நைஜீரியப் பெண் மெட்ராஸ் துணியில் இழையை உருவித் தனதாக்கினாள். நீலகிரிப் பெண் சமவெளித் துணியில் இழையைச் செருகித் தனதாக்கினாள்!

எப்படிச் செய்கிறார் என்று கிட்டே உட்கார்ந்து பார்த்தால்தான் நம்ப முடியும். சட்டம் கிடையாது, துணியில் பென்சில் கோடு கிடையாது, பார்த்துப் போட மாதிரியும் கிடையாது. துணியின் இழைகளை விரல் நுனியால் எண்ணுகிறார். இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று கம்பளி நூல் கோத்த ஊசி ஓடுகிறது. ஒரு இழை தப்பினால் வரிசை முழுவதும் கோணும். நூலை விறைப்பாக இழுத்துவிடாமல் இம்மியளவு தளரவிடுகிறார். அதனால்தான் பூ துணியோடு ஒட்டிக் கிடக்காமல் மேடாக எழும்புகிறது. எருமைக் கொம்பு, முயல் காது, பூ, நட்சத்திரம் எல்லாம் எண்ணிக்கையாகவே தலைக்குள் இருக்கின்றன. ஒரு பெரிய போர்வைக்கு வாரக்கணக்கில் வேலை. ஆணும் பெண்ணும் அதைப் போர்த்துவார்கள். இறந்தவருக்கும் அதைத்தான் போர்த்தி அனுப்புவார்கள்.

2013-ல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தவர்கள் யார்? தோடா நல்வாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் பூம்புகார் நிறுவனம். சட்டம் வந்துவிட்டது, சரி. ஆனால் மெஷினில் அடித்த சிவப்பு கறுப்புச் சால்வைக்குப் புவிசார் குறியீடு பற்றி என்ன கவலை? பெண் வாரக்கணக்கில் போடும் கோலத்தை மெஷின் நிமிஷத்தில் அச்சடித்தாற்போல் அடித்துத் தள்ளுகிறது. விலை கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. ஊசி பிடித்தவர் 'இந்த விலைக்கு வேண்டாம்' என்று சொன்னால், பக்கத்துக் கடையில் போலி தொங்குகிறது!

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு. முதலில் கண்ணை மூடிக்கொண்டு பூவேலையைத் தடவுங்கள்; கைவேலை என்றால் மேடு தட்டுப்படும், மெஷின் வேலை தட்டையாக வழுக்கும். பிறகு திருப்பிப் பாருங்கள். உண்மையான பூத்துக்குளிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் கிடையாது, இரண்டு பக்கமும் போர்த்தலாம். ஒரே கோலம் வரிசையாக வரும் இடத்தில் இரண்டு பூக்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கை போட்டதில் எங்காவது மயிரிழை வித்தியாசம் இருக்கும். கடைசியாக, செய்தவர் யார், எந்த மந்து (தோடர் குடியிருப்பு) என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் கிளம்பிவிடுங்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒரு தோடர் மந்து இருக்கிறது, அங்கே ஏறிப் போகலாம். மலையேற முடியாத வடசென்னைக்காரர்கள் அண்ணா சாலை பூம்புகாரில் விசாரிக்கலாம். ராயபுரத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.